உள்ளே வா: சென்னை வகுப்பறையின் 230 வருடக் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பெஞ்சுல இருந்து ஆரம்பிக்குது.

2025 ஜூலையில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கா? வகுப்பறையில் பெஞ்சுகளை 'ப' வடிவத்தில் போடச் சொல்லி நம்ம பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்கிற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு, கேரளாவில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சே இல்லாத மாதிரி பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருந்தன. இங்கே உடனே சண்டை. கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது, அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ரூமில் எப்படி 'ப' போடுறது... கொஞ்ச நாளிலேயே அந்த அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. நாமும் நாலு மீம் பார்த்துச் சிரிச்சிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டோம்.

எனக்கு மட்டும் அந்தச் செய்தி மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. காரணம் சொல்றேன். நான் நாலாவது படிச்சப்ப எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம் இருந்தது. மாசாந்தர டெஸ்ட் முடிஞ்சதும் ரேங்க் படி சீட் மாத்துவாங்க. முதல் 5 ரேங்க் முன் பெஞ்ச். கடைசி 5 ரேங்க் ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்ச். என் பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பன் ஒரு மாசம் டைஃபாய்டுல படுத்தான். திரும்பி வந்தப்ப அவன் சீட் கடைசில. நான் முன்னாடி. யாரும் யாரையும் திட்டலை, அடிக்கலை. ஆனா அதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துக்கவே இல்லை. ஒரு பையன் கிளாஸ்ல இருந்துகிட்டே கிளாஸை விட்டு வெளியே போறது எப்படின்னு நான் பார்த்தது அப்பதான். அன்னைக்கு அது எனக்குப் புரியலை, அது வேற விஷயம்.

என் தொழிலில் 'டீஃபால்ட் செட்டிங்' என்று ஒன்று உண்டு. ஆப்பை நீங்கள் இன்ஸ்டால் பண்ணும்போது எது எப்படி இருக்கிறதோ, முக்கால்வாசிப் பேர் அதை மாற்றுவதே இல்லை. அதனால் டீஃபால்ட்டை யார் முடிவு பண்ணுகிறாரோ, அவர்தான் நிஜத்தில் எல்லாவற்றையும் முடிவு பண்ணுகிறார். வகுப்பறைக்கும் ஒரு டீஃபால்ட் இருக்கிறது. பிள்ளை உள்ளே வரும்போது வாசலில் என்ன நடக்கிறது? அது எங்கே உட்காருகிறது? லேட்டாக வந்தால் என்ன ஆகிறது? "எல்லாரும் அன்பா இருங்க" என்று சுவரில் சார்ட் ஒட்டுவதைவிட இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில்தான், "இது உன் இடம்" என்று பிள்ளைக்குச் சொல்கிறது. அல்லது "இது உன் இடம் இல்லை" என்று.

இந்த டீஃபால்ட்டை மாற்றிய ஆசிரியர்களின் கதைதான் இன்றைய எபிசோட். இதில் பெரும்பகுதி சென்னையிலும் அதைச் சுற்றியும் நடந்தது. எழும்பூரில் தொடங்கலாம்.

மணலும் பிரம்பும்

1787இல் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வருகிறார். 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வருகிறது. அங்கே இருந்தவர்கள் ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். அப்பாவின் சமூகமும் அம்மாவின் சமூகமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள்.

வேலைக்கு இருந்த வாத்தியார்களை வைத்துக்கொண்டு பெல்லால் எதையும் நகர்த்த முடியவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழர்களை 'மலபார்' என்று சொல்வார்கள். அதனால் அவர் குறிப்பில் அது 'மலபார் பள்ளி'. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், சிலேட்டு வேண்டாம். தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம்.

பெல் திரும்பி வந்து, நாமும் மணலில் எழுதவைப்போம் என்றார். வாத்தியார்கள் இதெல்லாம் சரிப்பட்டு வராது என்றார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். சிப்பாய் ஒருவரின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்துகாட்டினான். கொஞ்ச நாளில் பள்ளி முழுக்கப் பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அமைப்பாக மாறியது.

நம் ஊருக்கு இது புதுசா? இல்லை. திண்ணைப் பள்ளியில் இதற்கு ஒரு ஆளே இருந்தார், பெயர் சட்டாம்பிள்ளை. வாத்தியாருக்கு அடுத்த இடம் அவனுக்கு. மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது இங்கே வழக்கம்தான். பெல் அதை எழுத்தில் வைத்தார். 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே மாதிரி ஒரு முறையை லண்டனில் பெரிய அளவில் நடத்த, இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833இல் பெல்லின் பணத்தில் தொடங்கின பள்ளிக்கு இன்றைக்கும் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்ல நல்ல மேட்டர், எடுத்துக்கோங்க.

ஆனால் இந்தக் கதையைப் பெருமையோடு இங்கேயே நிறுத்திவிட்டால் நாம் பாதியை மறைக்கிறோம். திண்ணைப் பள்ளியின் வாசலில் என்ன நடந்தது?

1823இல் பல்லாரி மாவட்ட கலெக்டர் கேம்ப்பெல் அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். பல்லாரி அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர் அதில் பாராட்டுகிறார். கூடவே காலையில் பள்ளி தொடங்கும் விதத்தையும் எழுதுகிறார். முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வந்தவன் கையில் ஒரு சுழி, அதாவது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது பையனுக்கு லேசாக ஒரு அடி. நான்காவதுக்கு இரண்டு. அப்படியே ஒவ்வொருத்தருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 20 பிள்ளை வந்தால் கடைசிப் பையனுக்கு 18 அடி. அவன் தூரத்தில் இருந்து நடந்து வருகிறவனா, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறவனா என்பதெல்லாம் கணக்கில் கிடையாது. அன்றைய வகுப்பறையின் டீஃபால்ட் வரவேற்பு இதுதான்.

சரி, இங்கிலாந்துக்குப் போனதும் வரவேற்பு மாறியதா? இல்லை, வேற ரூபம் எடுத்தது. பெல்லின் முறையில் பையன் நன்றாகச் சொன்னால் வரிசையில் முன்னே போவான், தப்பாகச் சொன்னால் பின்னே போவான். இடம் தினமும் மாறும், ஒவ்வொரு பாடத்துக்கும் மாறும். லங்காஸ்டர் பிரம்பை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார், கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டார். நம் திண்ணைப் பள்ளியிலும் பையனைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனை உண்டு, கோதண்டம் என்று பெயர். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூத்து.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்ப நல்ல ஐடியா. ஆனால் அதன் மேல் ரேங்க்கை ஏற்றினால், சொல்லிக்கொடுக்கிற பையன் சக மாணவனாக இருக்கமாட்டான், சின்ன அதிகாரி ஆகிவிடுவான். என் நாலாம் வகுப்பு பெஞ்சில் நடந்ததும் அதே கதைதான்.

திண்ணையில் ஏறவே முடியாதவர்கள்

அடி வாங்கியாவது உள்ளே உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏறவே அனுமதி கிடையாது.

1894இல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அடையாறில் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கர், பிரம்மஞான சபையின் தலைவர். அந்தக் காலப் பேச்சில் அது 'பஞ்சமர் பள்ளி'. இந்த முயற்சிக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் தொடர்பும் உண்டு. பெசன்ட் நகரில் இருக்கிற ஆல்காட் நினைவுப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். எலியட்ஸ் பீச்சுக்கு எத்தனை தடவை போயிருப்போம், அது பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது சாப்பாடு. 1920இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பிறகு 1956இல் காமராஜர் ஆட்சியில் மாநில அளவில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. இதைத் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்கிற பழக்கமும் இதில்தான் வந்தது. வயிறு காலியாக இருக்கிற குழந்தையிடம் வட்டமாக உட்காரு, பாட்டுப் பாடு என்றால் அது எப்படிப் பாடும்?

சின்ன நாற்காலி

1939 நவம்பர். மரியா மாண்டிசோரி சென்னையில் வந்து இறங்குகிறார். வயது 69. அடையாறில் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஆசிரியர்களுக்குச் சில மாதப் பயிற்சி நடத்திவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். இரண்டாம் உலகப் போர் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1940இல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், இத்தாலியரான அவருக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள், மகன் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அவருடைய 70ஆவது பிறந்தநாளுக்கு மகனை விட்டார்கள். மூன்று மாதத்துக்கு வந்தவர் 1946 வரை இந்தியாவில் இருந்தார். அதில் சில வருடம் கொடைக்கானலில்.

அவர் சொன்னதில் நமக்கு இன்று வேண்டியது ஒன்றே ஒன்று. அறையின் அளவு பிள்ளையின் அளவாக இருக்கவேண்டும். அலமாரி பிள்ளைக்கு எட்டவேண்டும், நாற்காலியைப் பிள்ளையே தூக்கமுடியவேண்டும். வேறு வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கலாம், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கலாம். அவர் இதை 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தொடங்கினார். ஆனால் இன்றைக்கு நம்ம ஊரில் மாண்டிசோரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஃபீஸ்தான். ஏழைப் பிள்ளைக்கு என்று பிறந்த டிசைன் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது.

அது திரும்பிவந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. 1972இல் டேவிட் ஹார்ஸ்பரோ என்கிற ஆங்கிலேயர் கர்நாடகாவின் கோலார் மாவட்டத்துக் கிராமப்புறத்தில் 'நீல் பாக்' என்று ஒரு சின்னப் பள்ளி தொடங்கினார். பரீட்சை கிடையாது, தண்டனை கிடையாது, எல்லா வயதும் ஒன்றாக. அங்கே பயிற்சி பெற்ற பத்மநாப ராவும் ரமாவும் ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் அதை இன்னும் முறைப்படுத்தினார்கள். ஒரே வாத்தியார், ஒரே அறை, நாலைந்து வகுப்புப் பிள்ளைகள். என்ன பண்ணுறது? பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், இந்த முறையை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். அவர் அதற்கு முன்பு வேலூரில் கலெக்டராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களின் படிப்புக்காக வேலை செய்தவர். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் கையால் அட்டை தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகள், அடுத்து மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாம், 2007-08இல் தமிழ்நாடு முழுக்க 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள். பெயர் செயல்வழிக் கற்றல். ஏ.பி.எல். என்றால் டீச்சர்களுக்கு உடனே புரியும்.

அத்தை பாயில் உட்கார்ந்த கதை

இதை எனக்குச் சொன்னது எங்க அத்தை. வட சென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். இந்த எபிசோடுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன்.

"முதல்ல நாற்காலியை எடுத்துட்டாங்கடா" என்றுதான் ஆரம்பித்தார். "25 வருஷம் நின்னு பாடம் எடுத்தவ நான். திடீர்னு பாய்ல உட்காருன்னா எப்படி இருக்கும்? முட்டி வலி ஒரு பக்கம், மானம் போற மாதிரி ஒரு பக்கம்."

வகுப்பறை எப்படி மாறியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சுவரில் தரையில் இருந்து சின்ன உயரத்துக்குக் கரும்பலகை, கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். அறையைச் சுற்றிலும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம், தன் பெயரோடு. வாத்தியாரின் பலகை இல்லை, பிள்ளையின் பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்தது, எழுதியது எல்லாம் அதில் தொங்கும், நன்றாக வரைந்தது மட்டும் இல்லை, எல்லாருடையதும். முதல் வகுப்பில் இருந்து நாலாம் வகுப்பு வரை கலந்து உட்காருவார்கள். தரையில் பாய், வட்டமாக ஆறு குழு. ஒரு குழுவில் டீச்சர் முழுசாகச் சொல்லித்தருவார். ஒரு குழுவில் கொஞ்சம் உதவுவார். இரண்டு குழுவில் சக மாணவர் உதவி. ஒன்றில் தானே செய்யவேண்டும். ஒன்று மதிப்பீடு. அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து எந்தக் குழு என்று பிள்ளையே கண்டுபிடித்துப் போய் உட்காரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒரு பிள்ளை கணக்கில் டீச்சர் குழுவில் இருக்கும், தமிழில் இன்னொருத்தருக்கு உதவி செய்யும். நாளைக்கு இரண்டுமே மாறும். நிரந்தரமான முதல் பெஞ்சும் இல்லை, நிரந்தரமான கடைசி பெஞ்சும் இல்லை. சட்டாம்பிள்ளை இருக்கிறான், ஆனால் எல்லாரும் முறை வைத்துச் சட்டாம்பிள்ளை. 1789இல் எழும்பூரில் இருந்து கிளம்பிய யோசனை, ரேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் திரும்பிய மாதிரி எனக்குத் தோன்றியது.

"வாசல்ல என்ன அத்தை நடக்கும்?" என்று கேட்டேன். 1823 அறிக்கை என் மனசில் இருந்தது.

"சுய வருகைப் பதிவு" என்றார். பிள்ளை உள்ளே வந்ததும் அட்டவணையில் தன் பெயருக்கு நேராகத் தானே குறிக்கும். டீச்சர் பெயர் கூப்பிட்டு "உள்ளேன்" சொல்லும் சடங்கு கிடையாது. அவர் வகுப்பில் மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்கு உதவிவிட்டு வரும் பையன் ஒருவன். தினம் முக்கால் மணி நேரம் லேட். "முன்னாடி அவனை வெளிய நிக்கவெப்பேன். ரூல்னு நினைச்சேன். கார்டு வந்தப்புறம் பார்த்தா, அவனை எதுக்கு நிக்கவெக்கணும்னே எனக்குத் தெரியலை. எல்லாருக்கும் ஒரே பாடம் ஓடினாதானே லேட்டா வந்தவன் பாடத்தை விட்டவன்? அவன் பாட்டுக்கு வந்தான், பேர் பக்கத்துல குறிச்சான், நேத்து விட்ட கார்டை எடுத்தான், உட்கார்ந்தான். ஒரு மாசம் கழிச்சு அவனாவே சீக்கிரம் வர ஆரம்பிச்சான்."

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அத்தை அந்தப் பையனிடம் அன்பாக இருக்கணும் என்று தனியாக முடிவெடுக்கவே தேவைப்படவில்லை. லேட் என்பதன் அர்த்தத்தையே அறையின் அமைப்பு மாற்றிவிட்டது.

அடுத்து ஆரோக்கியச் சக்கரம். குளிச்சேனா, பல் தேய்ச்சேனா, நகம் வெட்டினேனா என்று பிள்ளைகளே தினம் குறிக்கவேண்டும். முன்பெல்லாம் வரிசையாக நிற்கவைத்து டீச்சர் நகம் பார்ப்பார், அழுக்காக இருந்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. இப்போது பிள்ளையே உண்மையைச் சொல்லவேண்டும்.

2003, 2004 சென்னையில் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்க. வீராணம் தண்ணீர் வருவதற்கு முந்தைய காலம். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு ராத்திரி முழுக்க வரிசை. அத்தை வகுப்பில் ஒரு பெண் குழந்தை, இரண்டாவது படிக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் 'குளிச்சேன்' என்று குறிக்கிறார்கள். அவள் மட்டும் தொடர்ந்து நாலு நாள் 'குளிக்கலை'. ஐந்தாவது நாள் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

"எனக்குச் சுருக்குன்னுச்சு. மத்ததுங்க எல்லாம் பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். எங்க ஏரியாலயே தண்ணி இல்லை. உண்மை சொன்ன ஒரே பொண்ணு அவதான், அவளைப் போய்..." அத்தை கொஞ்ச நேரம் நிறுத்தினார். "எந்திரிச்சுப் போனேன். சக்கரத்துல என் பேரையும் எழுதினேன். குளிக்கலைன்னு குறிச்சேன். இன்னைக்கு எங்க வீட்டுலயும் தண்ணி இல்லைம்மா, மூஞ்சி மட்டும் கழுவிட்டு வந்தேன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. மறுநாள் பாதி கிளாஸ் 'குளிக்கலை'. அன்னைக்குத்தான் எங்க தெருவுல எந்த வீட்டுக்குத் தண்ணி வருது, வரலைன்னு எனக்கே தெரிஞ்சுது."

சுற்றறிக்கையில் டீச்சர் தன் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சக்கரம் மேலே இருந்து வந்தது. அதில் தன் பெயரை எழுதியது அத்தையின் யோசனை. திட்டம் கருவியைத்தான் கொடுக்கும். அதை வைத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதா, மாட்டிவிடுவதா என்பது அந்த அறையில் இருப்பவர் கையில்தான்.

அலமாரிக்குப் பின்னால்

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்று சொன்னால் அத்தையே கோபப்படுவார். வேலைப்பளு அதிகம் என்று டீச்சர்கள் சொன்னார்கள். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. புதுசு வர நாளானது. "புக்கு இல்லையா, ஹோம்வொர்க் இல்லையா, தரையில உட்கார வெச்சு விளையாட்டுக் காட்டுறாங்களே" என்று பெற்றோர் கேட்டார்கள். பெஞ்ச் என்பது கௌரவம் என்று நினைக்கிற ஊரில், பாய் என்றால் குறைவு என்றுதான் படும். தரையில் உட்கார்ந்தே வாழ்ந்த அம்மாவுக்குத் தன் பிள்ளையாவது பெஞ்சில் உட்காரணும் என்று ஆசை. அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? மாற்றம் ஏன் என்று பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லியிருக்கவேண்டும். பல இடத்தில் சொல்லவில்லை.

காலப்போக்கில் பாடத்திட்டமும் முறைகளும் மாறின. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கு ஏற்பக் குழு பிரிக்கிறார்கள். பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளை வருடம் முழுக்க அரும்பாகவே இருந்தால், அதுவும் ஒரு கடைசி பெஞ்ச்தான், பூப் பெயர் வைத்த கடைசி பெஞ்ச். குழுவைத் திரும்பத் திரும்பக் கலைத்துப் போடுகிற டீச்சர் அமைந்தால்தான் அது ஏணி.

அத்தை வேலைபார்த்த பள்ளிக்கு அவரோடு ஒருநாள் போயிருந்தேன். கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் இருக்கிறது. அதற்கு முன்னால் இரும்பு அலமாரியும் பெஞ்சும் நின்றன. அத்தை குனிந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார். பழைய பெயர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார் போல. இல்லை.

எழுத்து வரிசையில் உட்காருவது

பெஞ்சு எப்படிப் போட்டால் என்ன, இவ்வளவு பேசணுமா என்று நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு 12ஆம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியதில் அவனோடு பள்ளியில் படித்தவர்களும் உண்டு. அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது என்பது போன்ற பரிந்துரைகளோடு இன்னொன்றும் இருந்தது: மாணவர்கள் வகுப்பில் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்காரவேண்டும்.

ஒரு நீதிபதி, கொலைவெறித் தாக்குதல் ஒன்றின் பின்னணியை ஆராய்ந்துவிட்டு, பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார். படிக்கும்போது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் தனித்தனியாக வாழ்கிற பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இந்த ஊரில் இருக்கிற ஒரே பொது இடம் பல நேரம் வகுப்பறைதான். அங்கேயும் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால், தெருவையே கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைப்பார்கள். அதனால் எழுத்து வரிசை ஒரு நல்ல டீஃபால்ட்தான்.

ஆனால் 17 வயதில் தொடங்கினால் ரொம்ப லேட். பக்கத்தில் உட்காரவைப்பது முதல் படி. அவனிடம் இருந்து இவனும், இவனிடம் இருந்து அவனும் ஏதாவது வாங்கவேண்டிய தேவை இருந்தால்தான் உறவு வரும். "எனக்குக் கழித்தல் வரலை, சொல்லித்தா" என்று 7 வயதில் கேட்டுப் பழகிய கைக்கு 17 வயதில் அரிவாள் வராது என்று என்னால் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் அப்படிக் கேட்கவே வாய்ப்பில்லாத வகுப்பறையில் வளர்ந்த பிள்ளைகளிடம் நாம் என்ன எதிர்பார்க்கமுடியும்?

இந்த எபிசோடைக் கேட்கிறவர்களில் டீச்சர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பாடம் எடுக்க நான் ஆள் இல்லை, நான் கோடு எழுதுகிறவன். இந்த 230 வருடத்தில் இருந்து நாலு விஷயத்தை மட்டும் எடுத்துவைக்கிறேன். வருகையைப் பிள்ளையே குறிக்கட்டும். லேட்டாக வந்த பிள்ளை யாரையும் தொந்தரவு செய்யாமல் வந்து சேர்ந்துகொள்ள ஒரு வேலை தயாராக இருக்கட்டும். சுவரில் தொங்குவது எல்லாருடையதாகவும் இருக்கட்டும். குழுவை வாரம் ஒருமுறையாவது கலைத்துப் போடுங்கள். பட்ஜெட் வேண்டாம், பெஞ்சைக்கூட நகர்த்தவேண்டாம். ஐந்தாவது, கொஞ்சம் கஷ்டமானது: சக்கரத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

கிளம்பும்போது அத்தையிடம், அந்தத் தண்ணி வராத வீட்டுப் பொண்ணு இப்ப என்ன பண்றா என்று கேட்டேன். தெரியாது என்றார். அஞ்சாவது முடிச்சிட்டு வேற ஸ்கூல் போயிட்டா, எங்கே இருக்காளோ. "ஆனா ஒண்ணுடா, அவ பேர் எனக்கு ஞாபகம் இருக்கு. கூப்பிட்டு அட்டென்டன்ஸ் எடுத்த காலத்துல எத்தனை பேர் கூப்பிட்டிருப்பேன், ஒண்ணுகூட ஞாபகம் இல்லை."

எனக்கும் என் நாலாம் வகுப்பு நண்பன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் டிபன் பாக்ஸில் எப்பவும் புளிசாதம் இருக்கும். அது மட்டும் ஞாபகம் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்களுக்குப் பிடிச்ச டீச்சர் இப்பவும் போன் எடுக்கிற தூரத்தில் இருந்தா, இன்னைக்கு ஒரு கால் பண்ணுங்க.